அரை டம்ளர் தண்ணீர்

அந்த எவர்சில்வர் டம்ளர் இன்னும் என் சமையலறை அலமாரியில் இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு. தொண்ணூறுகளில் நான் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தபோது எனக்குக் குடிக்கத் தண்ணீர் அளந்து கொடுத்தது இதில்தான். வேளைக்கு அரை டம்ளர், அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. பழைய பாத்திரத்தோடு போட்டுவிட எத்தனையோ தடவை கையில் எடுத்திருக்கிறேன். போட மனம் வரவில்லை.

அளந்து கொடுத்தவர் என் மாமியார். கொடுமைக்காரி என்று சொல்லிவிட்டால் என் வேலை சுலபமாக முடிந்துவிடும், ஆனால் அது பொய். அம்மா இல்லாத எனக்கு, பல்லடத்துக்குப் பக்கத்தில் தறிக்குடோனை ஒட்டியிருந்த எங்கள் வீட்டில், இரண்டு பிரசவத்துக்கும் பத்தியம் பார்த்தவர் அவர்தான். பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று முழு மனதாக நம்பினார். மூத்தவள் பிறந்தபோது எனக்கு இருபது வயது. சொன்னதையெல்லாம் கேட்டேன். மஞ்சளாக வந்த முதல் பாலைப் பீய்ச்சி ஊற்றிவிடச் சொன்னார்கள், ஊற்றினேன். பிள்ளையை மூன்று நாள் தனியே போட்டு, சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப் பாலும் நாக்கில் தொட்டு வைத்தார்கள், பார்த்துக்கொண்டிருந்தேன். சித்திரை வெயிலில் என் நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. நான்காம் நாள் மாரில் போட்டபோது அவளுக்குச் சப்பத் தெரியவில்லை, எனக்குச் சுரக்கவில்லை.

“இவளுக்குப் பாலில்லாத ஒடம்புங்க” என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மாமியார் சொன்னார். நானும் அதை நம்பினேன். புட்டிப்பாலில் வளர்ந்த பிள்ளை ஐந்தாம் மாதம் வயிற்றுப்போக்கில் துவண்டு, கோயமுத்தூரில் ஒரு வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறக்காமல் கிடந்தாள். அந்த ஒரு வாரத்தை நான் யாருக்கும் மன்னிக்கவில்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

மூன்று வருஷம் கழித்து இரண்டாவது முறை உண்டானபோது, ஏழாம் மாதமே பால் பவுடர் டின் வீட்டுக்கு வந்துவிட்டது. “முந்தியே வாங்கி வெச்சுப்போட்டா அப்பறம் அலைய வேண்டாமல்லோ?” என்றார் மாமியார். அலமாரியில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருந்தது அது. மணி பார்க்கப் போனாலே அதன் முகத்தில்தான் விழிக்க வேண்டும். குளிக்கும்போது என் மாரைப் பார்த்து, இந்தத் தடவையாவது ஏமாற்றிவிடாதே என்று வாய்விட்டே கெஞ்சியிருக்கிறேன். இந்தப் பிள்ளையும் அந்தக் கட்டிலில் போய்க் கிடக்குமோ என்ற பயம் என்னை விடவில்லை.

எட்டாம் மாதம், ஒரு மத்தியானம் எங்கள் செவலை மாடு கன்று போட்டது. மாடு வளர்ப்பில் மாமியாரை மிஞ்ச அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. ஈரம் காயாத கன்றைத் தூக்கி உடனே மடியில் விட்டார். “மொதப் பால் உள்ள போனாத்தான் கன்னு எந்திரிச்சு நிக்கும்” என்றார். பிறகு பெரிய அண்டா நிறைய வெதுவெதுப்பான தவிட்டுத் தண்ணீர் வைத்தார். மாடு அடி வரைக்கும் உறிஞ்சியது. இன்னொரு அண்டாவும் வைத்தார். “தண்ணியக் கொறைச்சா மடி வத்திப் போகுமல்லோ அம்மணி!”

வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

“அப்ப எனக்கு மட்டும் ஏனுங்க அத்தை அரை டம்ளரு?”

“நீயும் மாடும் ஒண்ணா?”

“ஒண்ணா இருக்க வேண்டாமுங்க. அதுக்கு ஊத்தறதுல பாதி எனக்கு ஊத்துங்க, போதும்.”

அவர் காலி அண்டாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

சூலூர் ஆஸ்பத்திரியில் பையன் பிறந்ததும் கேட்டு வாங்கி மாரில் போட்டுக்கொண்டேன். உறவுக்காரப் பெண் ஒருத்தி சர்க்கரைத் தண்ணீரோடு வந்தபோது அவன் வாயை என் கையால் மூடினேன். வீட்டுக்கு வந்த அன்று அதே டம்ளரில் அரை டம்ளர் வந்தது. எல்லோரும் பார்க்க அதில் கை கழுவினேன். எழுந்துபோய் பானையில் சொம்பை விட்டு, நின்றபடியே இரண்டு சொம்பு குடித்தேன். “பையனுக்குச் சளி புடிச்சா எங்கிட்ட வந்து நிக்காதே” என்றார் மாமியார். சரிங்க என்றேன். அன்று முழுக்க அவன் வீறிட்டு அழுதான். சாயங்காலம் மாமியார் டின்னை எடுத்துத் துடைத்தார். அவன் ஒரு தும்மல் போட்டால்கூட வீடே என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் விடாமல் மாரில் போட்டேன், விடாமல் குடித்தேன்.

மறுநாள் காலை ரவிக்கை நனைந்தது. புடவையும் நனைந்தது. அவன் குடித்த குடியில் கடைவாயில் வழிந்தது. நான் சத்தம் போட்டு அழுதேன். உள்ளே வந்த மாமியார் நனைந்த ரவிக்கையைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், சமையலறைக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் பித்தளைச் சொம்பு இருந்தது. “சூடா இருக்குது, பாத்துக் குடி” என்றார்.

தான் செய்தது தப்பு என்று சாகும் வரை அவர் சொல்லவில்லை. ஆனால் ஒரு மாதம் கழித்து அந்த டின்னை அவரே பிரித்து, பவுடர் முழுவதையும் செவலையின் தவிட்டுத் தண்ணீரில் கொட்டிக் கலக்கினார். “வீணாப் போகுதல்லோ” என்றார்.

இப்போது மூத்தவள் நிறைமாதமாக என்னோடு இருக்கிறாள். போன வாரம் அலமாரியைத் துடைக்கும்போது இந்த டம்ளரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, எத்தனை நாளாக மனதில் வைத்திருந்தாளோ, மெதுவாகக் கேட்டாள்.

“ஏம்மா, என்னைப் பெத்தப்ப உனக்குப் பாலே இல்லையாமா? எனக்கும் அப்படி ஆயிருமா?”

“எனக்குப் பால் இருந்துது கண்ணு” என்றேன். “குடிக்கத் தண்ணியும் குடுக்கல, உன்னையும் எங்கிட்டக் குடுக்கல.”

அவள் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சொம்பைத் தேடினாள்.