கெட்டி மேளத்துக்கு உயர்ந்த விரல்

ராட்டர்டாமில் நான் துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டுதான் சாக்ஸபோன் பயிற்சி செய்கிறேன். உள்ளே தொங்கும் குளிர்காலக் கோட்டுகள் சத்தத்தைக் குடித்துவிடும். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை வாசிக்கலாம் என்று அடுத்த வீட்டார் ஒரு தாளில் மிக மரியாதையாக எழுதி என் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். ஆறு வருடத்தில் நேரில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. திருச்சி காட்டூரில் மொட்டை மாடியில் நான் வாசித்த நாட்களில், பக்கத்து வீட்டு செல்வி அக்கா சமையலறை ஜன்னலிலிருந்து, "கொஞ்சம் சத்தமா வாசிம்மா, குக்கர் சத்தத்துல ஒண்ணும் கேக்க மாட்டேங்குது" என்பார். நான் என்னவோ இரண்டு ஊரிலும் ஒரே மூச்சைத்தான் ஊதுகிறேன்.

இங்கே போஸ்டரில் என் பெயருக்குக் கீழே ஜாஸ் கலைஞர் என்று போடுகிறார்கள். ஊரில் நான் கல்யாண சாக்ஸபோன் பார்ட்டியில் வாசித்தவள். ஸ்ரீரங்கம், தென்னூர் மண்டபங்களில் எட்டு வருடம். முதல் பஸ்ஸில் போகும்போது காதில் ஜாஸ் ஓடும், மண்டபத்தில் இறங்கியதும் கல்யாணி ராகம். கல்யாணத்தில் யாரும் பாட்டைக் கேட்பதில்லை, கேட்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தால் பிழைக்கவும் முடியாது. எங்கள் கண் முழுக்கச் சடங்கு நடத்தும் ஐயரின் கையில் இருக்கும். தாலி கட்டும் நேரத்தில் அவர் ஆள்காட்டி விரலை உயர்த்தி ஆட்டுவார். ராகம் எந்த இடத்தில் நின்றாலும் சரி, தவிலும் சாக்ஸபோனும் ஒரே மூச்சில் கெட்டி மேளம் முழங்க வேண்டும். அந்த நொடியில் ஒரு தும்மலோ, அபசகுனமான சொல்லோ மணமக்கள் காதில் விழுந்துவிடக் கூடாது. ஒருமுறை நான் அரை நொடி தாமதித்துவிட்டேன். தவில் வாசிக்கும் சேகர் அண்ணன் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, "பாட்டுல எத்தன தப்பு வேணாலும் பண்ணு, ஒருத்தருக்கும் தெரியாது. விரல் தூக்கினா மட்டும் யோசிக்காதம்மா" என்றார். அதன் பிறகு நான் யோசித்ததே இல்லை.

உதவித்தொகை கிடைத்து இங்கே இசைப்பள்ளியில் படித்து முடித்தபின், பியானோ வாசிக்கும் இனேகா தன் குழுவில் என்னை மூன்று மாதம் சேர்த்துப் பார்ப்பதாகச் சொன்னாள். பிடித்துப்போனால் நிரந்தரம். இல்லாவிட்டால் விசா முடிந்து காட்டூருக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதுதான். மூன்று மாதமும் பூனை மாதிரி வாசித்தேன். கடைசி நிகழ்ச்சி, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கஃபேயில். ஆள் உயர வயலின் போல நிற்கும் டபுள் பாஸை எங்கள் குழுவின் யோஸ்ட் தனியாக வாசித்துக்கொண்டிருந்தான். கடையின் ஃப்ரிட்ஜ் ஓடுவதுகூடக் கேட்கும் அளவுக்கு மெதுவான வாசிப்பு. அப்போது இனேகா ஆள்காட்டி விரலை உயர்த்தி லேசாக ஆட்டினாள். யோஸ்ட் இன்னும் ஒரு சுற்று வாசிக்கட்டும் என்று டிரம்ஸ்காரருக்குச் சொன்ன சைகை அது. எனக்கும் தெரியும், பள்ளியில் படித்ததுதான். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்களே, ஊதின வாய் மட்டும் இருக்குமா. கெட்டி மேளம் முழங்கிவிட்டேன்.

டிரம்ஸ்காரர் குச்சியைத் தவறவிட்டார். யோஸ்ட் நிறுத்தியே விட்டான். முன் மேசைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார்.

"அவன் வாசித்தது உனக்குப் பிடிக்கவில்லையா?" என்று இனேகா இடைவேளையில் கேட்டாள்.

"பிடித்தது. எங்கள் ஊரில் இப்படி விரல் தூக்கினால் கல்யாணம்."

"யாருக்கு?"

எல்லாவற்றையும் விளக்கினேன். தும்மல் கதை வந்ததும் அவள் கவலையோடு யோஸ்டைத் திரும்பிப் பார்த்து, "அவனுக்கு ஜலதோஷம் ஒன்றும் இல்லையே" என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மறுநாள் காலை பத்து மணிக்கு வரச் சொன்னாள். அனுப்பிவைக்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துப் பாதிப் பெட்டியைக் கட்டிவிட்டுப் போனேன்.

"மூன்று மாதமாக எங்களிடம் அனுமதி கேட்டுக் கேட்டு வாசித்தாய். நேற்றுதான் கேட்காமல் வாசித்தாய்" என்றாள் இனேகா. "அந்த மூச்சு எனக்கு வேண்டும். யோஸ்டின் முறையில் மட்டும் வேண்டாம்."

அன்று தொடங்கியதுதான் என் ஜாஸ் வாழ்க்கை. இரண்டு ஆல்பம் போட்டாகிவிட்டது, ஊர் ஊராக ரயிலேறி வாசிக்கிறோம். ஆனால் விரல் உயர்ந்தால் சாக்ஸபோனை இறக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொருவன் சொல்லி முடிக்கட்டும் என்று நிற்பதற்கு எனக்கு முழுதாக ஒரு வருடம் பிடித்தது.

போன தை மாதம் என் தங்கைக்குக் கல்யாணம். ஸ்ரீரங்கத்தில் நான் பலமுறை வாசித்த அதே மண்டபம். முதல் முறையாகப் பட்டுப் புடவையில் முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

"என்னம்மா, வெறுங்கையோட வந்துட்ட?" என்றார் சேகர் அண்ணன், தவில் வாரை இழுத்துக்கொண்டே.

"இன்னைக்கு நான் பொண்ணு வீடு அண்ணே."

"அப்ப சரி, உக்காரு. நாங்க பாத்துக்கறோம்."

ஐயரின் விரல் உயர்ந்தது. என் நெஞ்சு தானாகக் காற்றை இழுத்து நிறைந்தது. அதே நொடியில் உள்ளே ஒன்று, பொறு, இன்னும் ஒரு சுற்று போகட்டும் என்றது. கெட்டி மேளம் முழங்கியது, எல்லோருடைய அட்சதையும் பறந்தது. என்னுடையது மட்டும் மூடிய கைக்குள் இருந்தது. விரல்கள் அந்த அரிசியைச் சாக்ஸபோன் கட்டைகள் என்று நினைத்து அழுத்திக்கொண்டிருந்தன. மேளம் அடங்கிய பிறகுதான் கையைத் திறந்து போட்டேன். என் பங்கு மஞ்சள் அரிசி தனியாகப் போய்த் தங்கையின் தலையில் விழுந்தது. அவள் நிமிர்ந்து என்னைத் தேடிக் கண்டுபிடித்து, சிரித்துக்கொண்டே, "லேட்டு" என்று வாயை அசைத்தாள்.