கூடலூர் பஸ்ஸின் ஜன்னல்

அம்மாவோடு சுற்றிப்பார்க்கப் போன கொழும்பில், பஸ் நிலையத்தின் டீசல் புகையும் அறுத்த அன்னாசி வாசமும் சேர்ந்து மூக்கில் ஏறியதும், எனக்குத் தேனிப் பழைய பஸ் ஸ்டாண்டே திரும்பக் கிடைத்துவிட்டது. வெளியூர் பஸ்கள் ஊருக்கு வெளியே புது ஸ்டாண்டுக்குக் குடிபோகாத காலம் அது, வெள்ளரிக்காய் விற்பவர்களின் கூவலும் கண்டக்டர் விசிலும் முட்டிமோத, கூடலூர் பஸ் நிற்கும் முன்பே அம்மா என்னைத் தூக்கி ஜன்னல் வழியாக உள்ளே திணித்து, "ஏலே, ஆரு கேட்டாலும் எடத்த விட்றாத!" என்று கத்துவாள், நானும் சீட் முழுக்கக் கைகால் பரப்பிப் படுத்து, அவள் ஏறுவதற்குள் பஸ் கிளம்பிவிடுமோ என்று படிக்கட்டையே பார்த்தபடி, அந்தச் சிம்மாசனத்தைக் காத்துக் கிடப்பேன்.

இங்கே, நாங்கள் ஏற வேண்டிய கண்டி பஸ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தது. மெலிந்து சின்னவளாகிவிட்ட அம்மா, திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தாள். என் தொந்தியைப் பார்த்தாள்.

"நீ நொழைய மாட்ட. என்னையத் தூக்கி விடுலே!"