என் ஞானமகளுக்கு நான் கற்றுக்கொடுத்தது

கோயிலில் அன்றைக்கு என் குரல் எப்படி ஒலித்தது என்று நினைத்தால் இப்போதும் காது மடல் சுடுகிறது. மூன்று குழந்தைகளுக்கு ஞானஸ்நானம். சாமியார் கேள்வி கேட்கக் கேட்க, குழந்தைக்காக ஞானத்தகப்பன்தான் பதில் சொல்ல வேண்டும். மற்ற இரண்டு பேரும் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார்கள். ‘பாவத்தை விட்டுவிடுகிறீர்களா?’ என்றதும், கடைசி பெஞ்சில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்க்கும்படி ‘விட்டுவிடுகிறேன்’ என்று முழங்கியவன் நான். மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் முழங்கினேன்.

பாப்பாரப்பட்டிப் பக்கத்தில் எனக்கு ஒரு உரக்கடை இருக்கிறது. மூட்டைகளைத் தோட்டங்களில் இறக்கிவிட்டு வருவதற்கு ஒருவர் குட்டியானை வண்டி ஓட்டுகிறார். அவருடைய மகள்தான் அந்தக் குழந்தை. அவரும் நானும் ஒரே பங்கு மக்கள், ஞாயிற்றுக்கிழமை ஒரே கோயில், ஒரே பூசை. பூசை முடிந்ததும் அவர் காலனிக்குப் போவார், நான் ஊருக்குள் போவேன். எங்கள் பாட்டன் பூட்டன்மார் வேதத்தில் சேர்ந்தபோது அவர்கள் தலைதான் நனைந்தது, ஜாதி நனையவில்லை. நிலத்தோடு சேர்த்து அதையும் பத்திரமாக எங்களுக்கு விட்டுவிட்டுப் போனார்கள். இப்போது எழுதும்போது ‘அவர்’ என்று மரியாதையாக எழுதுகிறேன். நேரில் அப்போதெல்லாம் வா, போ தான். என்னைவிடப் பத்து வயது சின்னவர் என்பதை அதற்குக் காரணமாகச் சொல்லிக்கொள்வேன். என்னைவிடச் சின்னவரான வங்கிக் கிளை மேலாளரை நான் வா, போ என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

ஆனாலும் என்னைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம்தான் இருந்தது. டீக்கடையில் நாங்கள் ஒரே பெஞ்சில் உட்காருவோம். பென்னாகரம் பக்கம் சரக்கு இறக்கப் போனால் வண்டியை அப்படியே ஒகேனக்கலுக்கு விடச் சொல்வேன். ஆற்றோரக் கடையில் பொரித்த மீனை ஒரே இலையில் போட்டு இரண்டு பேரும் தின்போம். அந்த மீனைப் பொரித்த அம்மா யார், எந்த ஊர், என்ன ஆட்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. என்னைப்போல வித்தியாசம் பார்க்காத ஆள் இந்தப் பங்கிலேயே கிடையாது என்று மனதுக்குள் மார் தட்டிக்கொள்வேன்.

அப்படி ஒருநாள் மீன் தின்றுவிட்டுக் கை கழுவும்போதுதான் அவர் கேட்டார்.

“அண்ணா, ஒன்னு கேட்டா தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே?”

“கேளு.”

“பாப்பாவுக்கு அடுத்த மாசம் ஞானஸ்நானம் குடுக்கறோங்க. நீங்கதான் நிக்கணும்.”

“இதுக்கா இவ்ளோ இழுக்கற? நிக்கறேன் போ” என்றேன். அன்று சாயந்திரத்துக்குள் அந்தச் செய்தியை நானே மூன்று பேரிடம் சொல்லிவிட்டேன்.

நாலாவதாகச் சொன்னது என் மனைவியிடம். அவள் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்குவதை நிறுத்தவில்லை.

“நிக்கறது நில்லுங்க. முறை வந்துடும், தெரியுமில்ல? அந்தப் புள்ள உங்கள பெரியப்பான்னு கூப்புடும். நாளைக்கு நம்ம வூட்டுக் கல்யாணத்துல அவங்கள எங்க உக்கார வெப்பீங்க?”

“எங்கயோ உக்காருவாங்க. நீயெல்லாம் எதுக்குக் கோயிலுக்குப் போற?” என்று ஆரம்பித்து, சமத்துவத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, “செரி, செரி. அவங்க வூட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும் வயிறு செரியில்லன்னு சொல்லிடுங்க” என்றாள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. கோபத்தில் பேசாமல் இருந்ததாக அவள் நினைத்திருப்பாள். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன்.

ஞானஸ்நானத்துக்கு முந்தின சனிக்கிழமை, பெற்றோருக்கும் ஞானப்பெற்றோருக்கும் வகுப்பு வைத்தார்கள். சாமியார் இளவயசுக்காரர். ஆதி நாட்களில் ஆளையே தண்ணீருக்குள் முழுசாக அமுக்கி எடுப்பார்கள் என்றார். உள்ளே போகிற ஆள் அங்கேயே செத்தான், வெளியே வருவது வேறு ஆள், அதுதான் இதற்கு அர்த்தம், நாம் தலையில் மூன்று தரம் ஊற்றுவதும் ஒரு சாவுதான் என்றார்.

நான் சும்மா இருப்பேனா? “மூணு மாசக் கொழந்தை என்ன பாவம் பண்ணுச்சு, ஃபாதர்?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். ஜென்மப் பாவத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, “கொழந்தை பாவம் செய்யறதுக்கு இன்னும் நாள் இருக்குங்க. பதில் சொல்லப் போறது நீங்கதான? உங்ககிட்ட சாக வேண்டியது எதாவது இருக்கும்ல, அத நெனச்சுக்கிட்டுச் சொல்லுங்க” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னிடம் அப்படி என்ன இருக்கிறது என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். முன்கோபம் என்று முடிவு கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். ஞானத்தாயாகக் குழந்தையின் சித்தி நின்றாள். குழந்தையை வாங்கித் தொட்டிக்கு மேலே சாய்த்துப் பிடித்தேன். மூன்றாவது தரம் தண்ணீர் விழுந்ததும் அழாமல் ஒரு தும்மல் போட்டது. துடைத்துவிட்டு என் தோளில் போட்டார்கள். ஈரத் தலை என் கழுத்தில் பட்டது. அந்த நிமிடம் எனக்கு உண்மையாகவே கண் கலங்கியது. அதில் பொய் இல்லை. அந்த நிமிடம் உண்மையாக இருந்ததால்தான் பின்னால் நடந்ததற்கு எனக்கு மன்னிப்பே கிடையாது என்று தோன்றுகிறது.

மத்தியானம் காலனியில் அவர்கள் வீட்டு முன்னால் பந்தல். எனக்கு மீன் பிடிக்கும் என்று அவர் விடியற்காலையில் ஒகேனக்கல் போய் மீன் வாங்கிவந்து பொரிக்கச் சொல்லியிருந்தார். வாசனை தெருமுனையிலேயே வந்தது. பந்தலுக்குள் நுழைந்ததும் என் கால் தயங்கியது. அருவருப்பு என்று அதற்குப் பெயர் வைக்க எனக்குப் பல வருடம் ஆனது. தினமும் என்னோடு வண்டியில் வரும் ஆள், கொஞ்ச நேரம் முன்பு என் தோளில் கிடந்த குழந்தை, எனக்காகவே பொரித்த மீன், இத்தனையும் கண் முன்னால் இருந்தது. ஆற்றங்கரையில் வராதது அந்த அடுப்படியைப் பார்த்ததும் வந்துவிட்டது. வயிறு சரியில்லை என்ற வார்த்தை நாக்கு நுனிக்கே வந்து நின்றது.

அதற்குள் அவர் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கையில் குளிர்ந்த கூல்டிரிங்ஸ் பாட்டில் ஒன்றும், பேக்கரிப் பொட்டலம் ஒன்றும் இருந்தன.

“அண்ணா, கடைல வாங்குனதுங்க. மூடி இன்னும் தொறக்கல” என்றார்.

என் முன்னாலேயே மூடியைத் திறந்து கொடுத்தார். நான் வாங்கிக் குடித்தேன். அப்போது எனக்கு வந்தது வெட்கம் இல்லை. அப்பாடா என்றிருந்தது. பக்கத்துப் பந்தியில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. குழந்தையின் கையில் ஒரு மோதிரத்தைப் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் அவர் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். பேசாமல் இருந்திருக்கலாம். “நேத்து சாப்புடணும்னுதான் இருந்தேன், வயிறு கொஞ்சம்…” என்றேன்.

அவர் தோளில் இருந்த மூட்டையை வண்டிக்குள் சரித்துவிட்டுத்தான் திரும்பினார். குரலில் கோபமே இல்லை.

“வுடுங்கண்ணா. காலைல கோயில்ல அத்தன பேருக்கு முன்னாடி சத்தியம் பண்ணீங்க. மத்தியானமே உங்கள பொய் சொல்ல வெக்கக் கூடாதுன்னுதான் நானே பாட்டில் வாங்கி வெச்சேன். இப்பப் போயி அதச் சொல்றீங்களே.”

அடுத்த மூட்டையை எடுக்கப் போய்விட்டார். நான் சாப்பிட மாட்டேன் என்று தெரிந்தேதான் என்னை ஞானத்தகப்பனாகக் கூப்பிட்டிருக்கிறார். பிறகு ஏன் கூப்பிட்டார் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஒருவேளை மாறுவேன் என்று நம்பியிருப்பார். அதை நினைத்தால்தான் இன்னும் கேவலமாக இருக்கிறது.

அதற்குப் பிறகும் ஒரு ஞானத்தகப்பன் செய்ய வேண்டியதில் நான் குறை வைக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு கவுன், பிறந்தநாளுக்கு கேக், பள்ளிக்கூடம் திறந்தால் பை. எல்லாவற்றையும் அவர்கள் வாசலில் பைக்கில் உட்கார்ந்தபடியே கொடுத்துவிட்டு வருவேன். என்ஜினைக்கூட அணைக்க மாட்டேன். ஒவ்வொரு ஈஸ்டர் பூசையிலும் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு அதே வாக்குறுதியைப் புதுப்பிக்க வேண்டும். சாமியார் தண்ணீர் தெளித்துக்கொண்டே வருவார். அந்தக் கேள்வி வரும்போது எனக்குக் குரல் எழும்பாது. இரண்டு வரிசை தள்ளி நிற்கும் அவர் காதில் விழுந்துவிடக் கூடாது என்று உதட்டை மட்டும் அசைப்பேன். என்னோடு சேர்த்து அந்தக் குழந்தையையும் ஏமாற்றுவதாகத் தோன்றும். வெளியே வந்ததும் அது மறந்துபோகும்.

இப்படியே ஒன்பது வருடம் ஓடிவிட்டது. இந்த வருடம் மே மாதம் அவளுக்குப் புதுநன்மை, பூசையில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள்.

அன்று அவர்கள் வீட்டு விருந்தில் நான் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அதைச் சொல்லி நல்ல பெயர் வாங்குவதற்காக இதை எழுதவில்லை. இரண்டு முறை மீன் கேட்டு வாங்கினேன், நன்றாக இருந்தது, அவ்வளவுதான். ஒன்பது வருடம் தாமதித்துச் சாப்பிட்டவனை யாரும் மெச்சவும் இல்லை, மெச்ச வேண்டியதும் இல்லை. அதற்கு முந்தின நாள் நடந்ததுதான் எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது.

எங்கள் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. புதுநன்மைக்கு முந்தின நாள் பிள்ளைகள் சாமியாரிடம் தங்கள் பாவங்களைச் சொல்லி முதல் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு, நேராக ஞானப்பெற்றோர் வீட்டுக்குப் போய் முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர்கள் மன்னித்து, நெற்றியில் சிலுவை போட்டு அனுப்ப வேண்டும்.

அவள் அப்பாவோடு வந்தாள். அவர் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். அவள் மட்டும் உள்ளே வந்தாள். அனல் பறக்கிற வெயில். உதடு காய்ந்து வெளுத்திருந்தது.

“மொதல்ல தண்ணி குடிம்மா” என்றேன். உண்மையான அக்கறையோடுதான் சொன்னேன்.

“வேணாங்க பெரியப்பா. வண்டியில இருக்குது” என்றாள்.

“அது சுட்டுப்போயிருக்கும். ஃபிரிட்ஜ்ல ஜில்லுன்னு இருக்கு.”

அவள் ஒருமுறை அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு எனக்கு ஒத்தாசை செய்கிற மாதிரி மெல்லச் சொன்னாள்.

“இல்லங்க. அப்பறம் பெரியம்மா அந்த டம்ளர வெளிய பைப்புகிட்ட தனியா கவுத்து வெக்கணும். அவங்களுக்கு எதுக்கு வேல?”

போன கிறிஸ்துமஸுக்கு மட்டும் அவளே எங்கள் வீட்டுக்குக் கேக் வாங்க வந்து தண்ணீர் குடித்தபோது அதைப் பார்த்திருக்கிறாள். நானும்தான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்தேன். அவள் முகத்தில் வருத்தம்கூட இல்லை. எந்த வீட்டில் என்ன கேட்கக் கூடாது என்பது மற்ற பாடங்களைப்போல அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. அவளுக்கு விசுவாசத்தைக் கற்றுக்கொடுப்பேன் என்று தொட்டிக்கு முன்னால் நின்று வாக்குக் கொடுத்தவன் நான். ஒன்பது வருடத்தில் என் வீட்டிலிருந்து அவள் கற்றுக்கொண்ட ஒரே பாடம் இது. நிலைப்படியில் நின்றிருந்த என் மனைவி உள்ளே போய்விட்டாள். அவர் கேட்டுக்குப் பக்கத்தில் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் பாவாடையைச் சரிசெய்துகொண்டு என் முன்னால் முழங்கால் போட்டாள். கைகளைக் கூப்பி, வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை ஒரே மூச்சில் சொன்னாள்.

“பெரியப்பா, நான் தெரிஞ்சோ தெரியாமலோ உங்களுக்கு எதாவது தப்புப் பண்ணியிருந்தா என்னை மன்னிச்சுடுங்க.”

எழுந்திரும்மா என்று சொல்லியிருக்கலாம். முழங்கால் போட வேண்டியவன் நான்தான் என்று அவளிடமோ, கேட்டில் நின்ற அவள் அப்பாவிடமோ சொல்லியிருக்கலாம். எனக்கு மூட்டுவலிகூடக் கிடையாது. தெருவில் யாராவது போகிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பார்த்தேன். பிறகு குனிந்து, வேர்த்திருந்த அந்த நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டேன்.

“மன்னிச்சுட்டேம்மா” என்றேன்.