மைதா இல்லாத கேக்

மைதாவுக்குப் பதில் புரோட்டீன் பவுடர் போட்டுக் கேக் செய்வதில் ஸ்ரீரங்கத்தில் எனக்கு இணையாக ஆளில்லை. தற்பெருமை இல்லை, தில்லைநகர் ஜிம்முக்குப் போகிறவர்கள் காவிரிப் பாலம் தாண்டி வந்து என்னிடம் வாங்கிப் போகிறார்கள். பவுடரை அள்ளிக் கொட்டி, கேக்கை ரப்பராக்கி வைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அதைக் கொஞ்சமாகத்தான் சேர்க்க வேண்டும். மீதிக்குப் பாதாம் மாவு, பிடிப்புக்கு அரிசி மாவு, ஈரத்துக்குத் தயிரும் வாழைப்பழமும். நடுப்பகுதி லேசாக ஆடும்போதே ஓவனிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

போன மாதம் ஒரு கேக் பஞ்சு போல எழும்பி வந்தது. சூடு ஆறியதும் ஒரு துண்டைத் தட்டில் வைத்து எதிர் ஃப்ளாட் மாமியின் கதவைத் தட்டினேன். முட்டையில்லாமல் எது செய்தாலும் அவருக்கு ஒரு பங்கு உண்டு.

"மாமி, இதுல மைதா ஒரு சிட்டிகைகூட இல்ல. உடம்புக்கு அவ்வளவு நல்லது."

"பின்ன என்ன போட்டிருக்கே?"

பெருமையாக ஒவ்வொன்றாகச் சொன்னேன். அரிசி மாவு என்றதும் நீட்டிய கையை மாமி பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இன்னிக்கு ஏகாதசிடீ. அரிசி தொடமாட்டேனே. கோதுமைன்னா சாப்பிடுவேன்."

ஏகாதசியன்று அந்த வீட்டில் ரவை உப்புமாதான் என்பது எனக்குத் தெரியும். காலையில் தாளித்த வாசனைகூட என் அடுப்படி வரைக்கும் வந்திருந்தது. கேக் எழும்பிய குஷியில் எல்லாம் மறந்துபோயிற்று.

மாமி தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மைதாவும் கோதுமைதானே? பேசாம அதையே போட்டிருக்கப்படாதோ?"