மாப்பிள்ளையும் மாமனாரும்

ஆடு வெட்டும் கறிக்கூடத்தில் அலுவலக வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், தேய்த்த சட்டையோடு நடையில் நின்றிருந்தேன். "சார், ஓரமா நில்லுங்க, மாப்பிள்ளை வர்றாரு!" என்று ஒரு குரல். வந்தது ஒரு வெள்ளாட்டுக் கிடா. பின்னால் செம்மறி மந்தை. அதற்கும் பின்னால் அந்தக் குரலுக்குரியவர்.

புது இடத்தில் இறக்கிய செம்மறி மிரண்டு நிற்கும், அடித்தாலும் நகராது. பழகிய கிடா முன்னே நடந்தால் மொத்தமும் கூடவே போகும். வெட்டும் அறை வாசலில் கிடா மட்டும் பக்கக் கதவு வழியாக வெளியே வந்துவிடும். அதற்கு ஒரு ரொட்டித்துண்டு. மிடுக்காக நடப்பதால் அது மாப்பிள்ளை. அதை வளர்த்தவர் மாமனார்.

ரொட்டியை வீசும்போதெல்லாம் திட்டுவார். "தின்னுடா துரோகி! கூட வந்ததை எல்லாம் காட்டிக் கொடுத்துட்டு என்னமா மெல்லுது பாரு."

நான் ஆடு மேய்த்து வளர்ந்தவன். எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டதாரி, அதுவும் விலங்கியலில். சும்மா இருப்பேனா? "உள்ள நடக்கிறது அதுக்குத் தெரியாதுண்ணே."

"தெரியாமலா கரெக்டா பக்கக் கதவுல திரும்புது? போங்க தம்பி, உங்க படிப்பும் நீங்களும்."

அந்த வருஷம் வெட்டும் இயந்திரம் வரப்போகிறது என்று பேச்சு எழுந்தது. வேலை போய்விடும் என்று பயந்து தொழிலாளர்கள் எல்லோரும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். இயந்திரம் ஏற்றிய லாரி அவர்களைத் தாண்டி உள்ளே வர முடியவில்லை. மேலாளர் மாமனாரின் தங்கை கணவர். அவர் மாமனாரைத் தனியே அழைத்தார்.

"மச்சான், யாரையும் அனுப்ப மாட்டோம். என் பிள்ளைங்க மேல சத்தியம். நீங்க முன்னால நடங்க, எல்லாரும் வருவாங்க."

மாமனார் அதை எல்லோரிடமும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். அவர் பேச்சை நம்பி எல்லோரும் எழுந்து உள்ளே வந்தார்கள். பின்னாலேயே லாரியும் வந்தது. இயந்திரம் ஓடத் தொடங்கியதும் தொழிலாளர்களை ஒருவர் பாக்கியில்லாமல் வெளியேற்றினார்கள், மாமனாரைத் தவிர.

"என்ன மச்சான் இது?" என்றார் மேலாளரிடம்.

"உங்களை விட்டுடுவேனா? கிடாவைப் பாத்துக்கிட்டு நிம்மதியா இருங்க."

மாமனார் வாசலுக்கு ஓடினார். குடல் கழுவும் அக்கா மூட்டையோடு நின்றிருந்தாள். கூடப் பிறக்காத குறையாக இத்தனை காலம் பழகியவள்.

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா."

"தெரியாமலா உங்களை மட்டும் உள்ள வச்சிருக்காங்க?"

 

மாமனார் திரும்பி வந்து கிடாவின் முன் குந்தினார். அன்று ரொட்டியை வீசவில்லை; கையில் வைத்து நீட்டினார். திட்டவும் இல்லை. மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. காட்டிக் கொடுத்ததற்குப் பெரிய வேலையாகப் பார்த்துக் கொடுத்திருப்பார்கள் என்று வெளியே பேசிக்கொண்டார்கள்.

இப்போது ஊர்க் கடைசியில் லாரி கழுவும் கொட்டகையில் வேலை செய்கிறார். தங்கை வீட்டுக்குப் போவதில்லை.