தெற்கே ஆறு

"…வடக்கு வீட்டுக்காரிதான் அண்ணாச்சி, எனக்குத் தெரியும். கோடாங்கி வாயால ஒருதடவ கேட்டுட்டாப் போதும்."

காலை ஏழு மணிக்கு வண்ணார்பேட்டையில் முக்கூடல் பேருந்தைப் பிடித்திருந்தேன். எனக்குப் பதினெட்டு ரூபாய் டிக்கெட். பேட்டை தாண்டி ஏறி, இப்படிப் பேசிக்கொண்டு வந்த பேச்சியம்மாளுக்கு இலவசம். அவள் மடியில் இரண்டு வயது மகன். மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலா உள்ளே போனது.

வடக்கு வீட்டில் இருப்பது கொழுந்தன் மனைவி. பிள்ளை இல்லாதவள். போன வாரம் இவனைத் தூக்கிக் கொஞ்சினாளாம், மறுநாள் காய்ச்சல். முற்றத்தில் ஒரு எலுமிச்சம்பழமும் கிடந்ததாம்.

"அவ வீட்டுலதான எலுமிச்ச மரம் நிக்கி?"

"காத்துல விழுந்திருக்கும்மா."

"வேலியத் தாண்டியா? நல்லாச் சொன்னிய!"

கோடாங்கி சொல்லிவிட்டால்? "ஊர்க்கூட்டம் போடுவோம். குழாயடிக்கு வரவிட மாட்டோம். இவரு சொல்லலைன்னா கடையம் பக்கம் ஒருத்தரு இருக்காராம். பேரையே சொல்லுதாராம்."

முக்கூடலுக்கு முன்னால் சாலையோர ஊர் ஒன்றில் இருவரும் இறங்கினோம். உடுக்கடித்துக் குறி சொல்லும் அந்தப் பெரியவரைப் பார்க்கத்தான் நானும் வந்திருந்தேன், கோடாங்கிகளைப் பற்றி எழுதுவதற்காக. பொதுவாகக் கோடாங்கிகள் செய்வினை வந்த திசையை மட்டும் சொல்வார்கள். அந்தத் திசையில் யார் என்று பேரை ஊர் முடிவு செய்துகொள்ளும். நான் போன ஊர்களில் கேட்டவரை, அந்தப் பேர் பெரும்பாலும் ஆதரவில்லாத ஒரு பெண்ணின் வாசலில்தான் போய் நின்றிருக்கிறது.

உடுக்கை அதிர்ந்தது. கண்ணை மூடியபடி கேட்டார்: "எம்மா, உன் வாசல்ல நின்னா வடக்க யாரு?"

"கொழுந்தன் வீடு!" அவர் முடிக்குமுன் சொல்லிவிட்டாள்.

"கெழக்க?"

"மாமியா."

"மேக்க?"

"டீச்சர் வீடு."

"தெக்க?"

"தெக்க என்ன இருக்கு? ஆறுதான்."

"தெக்கேருந்துதான் வந்திருக்கு."

கடைக்காரரிடம் தராசைச் சரிபார்க்கச் சொல்வதுபோல் கேட்டாள்: "நல்லாப் பாரும், வடக்கயா இருக்கும்."

"பாத்தாச்சு. பிள்ளைக்கு நெஞ்சு இழுக்கு. பாளையங்கோட்டை பெரியாசுபத்திரிக்கு இப்பவே கொண்டு போ. போற வழியில பாலத்துல நின்னு ஆத்தக் கும்பிட்டுக்கோ. பரிகாரம் அம்புட்டுதான்."

அவள் பிள்ளைக்கு முகம் கழுவப் போனதும் கேட்டேன்: "எப்பவும் ஆறுதானா?"

"ஆத்தப் போயி யாரு அடிப்பா வே? எங்க பாட்டன் காலத்துல சூனியக்காரின்னா முன்பல்லத் தட்டிருவாங்க. பல்லுப் போனா மந்திரம் வாயில நிக்காதாம். இப்பப் பல்ல விட்டுட்டாங்க, குழாய்த் தண்ணிய நிறுத்திருதாங்க."

"நாலு பக்கமும் வீடு இருந்தா?"

"மேல பாப்பேன். மானத்துல வீடு இருக்கா?" சிரித்தார். அவள் போன பக்கம் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

நிறுத்தத்துக்கு அவள் எனக்கு முன்னால் நடந்தாள். பேரைத் தன் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். அதில் முத்திரை குத்தத்தான் ஆள் தேவைப்பட்டிருக்கிறது. ஆற்றின் மேல் பழி போட்டால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

ஒன்பதரைக்குத் திருநெல்வேலி பேருந்து வந்தது. அவள் ஊருக்கும் அதுதான், ஆஸ்பத்திரிக்கும் அதுதான். நான் படியில் ஏறி, பிள்ளையை வாங்கக் கை நீட்டினேன்.

"தெக்கயாம்ல, தெக்க," என்றாள்.

பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு சாலையைக் கடந்தாள். எதிரே கடையத்துக்குப் போகிற பேருந்தைக் கைகாட்டி நிறுத்தி ஏறினாள்.