ஹாலுக்கு என்ன டைல்ஸ் போடலாமுங்க?

ஒரு குடும்பத்தில் யார் பேச்சு எடுபடும் என்று தெரிய வேண்டுமா? அவர்கள் ஹாலுக்கு டைல்ஸ் எடுக்கும்போது பக்கத்தில் நின்றால் போதும். காந்திபுரத்தில் ஒரு டைல்ஸ் கடையில் பல வருடங்களாக எனக்கு அதுதான் உத்தியோகம். டைல்ஸ் காட்டுவது, சுவருக்கு என்ன வண்ணம், சோபா எந்தப் பக்கம் என்று யோசனை சொல்வது, கட்டக் கடைசியில் பஞ்சாயத்தும் பண்ணுவது. வீடு கட்டி முடித்தவர்களுக்கு இந்தப் பாடு தெரியும். கட்டிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்து மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

முகம் தெரியும் தரை

கோழிப்பண்ணை வைத்திருக்கும் பழனிசாமி ஏதோ ஒரு பெரிய ஹோட்டலுக்குப் போய்விட்டு நேராக எங்கள் கடைக்கு வந்திருந்தார். “அங்க மாதிரியே குனிஞ்சா முகம் தெரியோணுமுங்க” என்றார். “தோட்டத்துல இருந்து ஈரக் காலோட வருவீங்க, வழுக்குமுங்க” என்றார் அவர் மனைவி. “வரப்பு மேல ஓடுன காலு இது. என்னைய எது வழுக்கும்?” என்று மீசையைத் தடவினார் அவர்.

நான் வாக்குவாதம் பண்ணவில்லை. அவர் மனைவி பார்த்து வைத்த சொரசொரப்பு டைல்ஸை ஓரமாகத் தள்ளிவிட்டு, அவர் கேட்ட பளபளா டைல்ஸைத் தரையில் வைத்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன். மெதுவாகக் காலை வையுங்கள் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் மனிதர் ஏறிவிட்டார். அடுத்த நொடி தரையில் உட்கார்ந்திருந்தார். முதலாளி கல்லாவிலிருந்து ஓடி வந்தார். என் வேலை போச்சு என்றே நினைத்தேன். நல்லவேளை, அடி எதுவும் படவில்லை. மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பழனிசாமி உட்கார்ந்த இடத்திலிருந்தே என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: “அம்மணி, அந்தச் சொரசொரப்பா இருந்ததையே எடுத்து வைங்க. இங்க உளுந்தது நல்லதாப் போச்சு, சம்பந்திமாரு முன்னால உளுந்திருந்தா என்னாகறதுங்க?”

கறுப்பா, வெள்ளையா?

கருமத்தம்பட்டியில் தறி ஓட்டும் ஒரு தம்பதி. தறிக்கூடமும் வீடும் ஒட்டினாற்போல இருக்கும். அவருக்குக் கறுப்பு வேண்டும், அந்தம்மாவுக்கு வெள்ளை வேண்டும். மூன்று தடவை வந்து மூன்று தடவையும் பேசாமல் திரும்பிப் போனார்கள். அதாவது, ஒருவரோடு ஒருவர் பேசாமல். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. தரைதான் வெறும் சிமெண்டாகக் கிடந்தது.

ஒரு கறுப்பு டைல்ஸையும் ஒரு வெள்ளை டைல்ஸையும் கையில் கொடுத்து, “ஹால் வாசப்படிக்கு உள்ளே போட்டு வைங்க, ரெண்டு பேரும் மிதிச்சுட்டே போங்க, வாங்க. துடைக்க மட்டும் கூடாதுங்க” என்றேன். சில நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். தறியிலிருந்து காலோடு வந்த பஞ்சு ஒட்டி, கறுப்பு டைல்ஸ் நரைத்துப் போயிருந்தது. வெள்ளையில் தறி எண்ணெய் ஒட்டிய அவருடைய பாதம் விரல் விரலாகப் பதிந்திருந்தது. இருவரும் ஆளுக்கொரு டைல்ஸைப் பார்த்தபடி நின்றார்கள். நான் பையிலிருந்து மணல் நிறத்தில் ஒன்றை எடுத்து நடுவில் வைத்தேன். அந்தம்மா அதை மிதித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்: “அவரும் தோத்தாரு, நானும் தோத்தேன், ஊடு செயிச்சுருச்சுங்க!”

தெரிந்தே செய்த டிசைன்

இது என்னுடைய கண்டம். சுந்தரி அக்காள் வீட்டு ஹாலில் டைல்ஸ் பதிக்கும் காதர் பாய் பாதி வேலையில் போன் பண்ணினார். “டைல்ஸ் பத்தாதும்மா.” மீதியை அனுப்பி வைத்தோம். மறுபடியும் போன். “வந்துருச்சும்மா. ஆனா கலரு வேற.” அதே டைல்ஸ், அதே பேர்தான், வேறு சமயத்தில் சுட்டெடுத்தது போலிருக்கிறது, நிறம் ஒரு சாயல் தூக்கலாக இருந்தது. பழைய சரக்கு எந்தக் கிடங்கிலும் இல்லை. விசேஷத்துக்குப் பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. நான் போனபோது சுந்தரி அக்காள் ஹால் நடுவில் இடுப்பில் கை வைத்து நின்றார்.

ஹாலைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். சோபா வரும் இடம் தெரியும், டிவி வரும் சுவர் தெரியும். சட்டென்று ஒன்று தோன்றியது. “பாய், நடுவுல பதிச்சதைப் பேர்த்து ஓரத்துக்குக் கொண்டு போக முடியுமா? தூக்கலா இருக்கற கலரை நடுவுல, சோபாவுக்கு முன்னால, ஜமுக்காளம் விரிச்ச மாதிரி போடலாம். சுத்தியும் ஒரு கறுப்புக் கோடு.” பாய் தாடியைச் சொறிந்தார். நடுவில் பதித்தது இன்னும் நன்றாக ஒட்டவில்லை, பேர்த்துவிடலாம் என்றார். பேர்த்தார். ஒன்றிரண்டுதான் உடைந்தது. சுந்தரி அக்காளிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லித்தான் செய்தேன்.

விசேஷத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்த ஜமுக்காளத்தைச் சுற்றி நின்று, எந்த ஊர் டிசைனர் என்று விசாரித்தார்கள். பந்தி முடிந்ததும் சுந்தரி அக்காள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் காதோடு சொன்னார்: “ஏனுங் கண்ணு, என்ற தங்கச்சியும் ஊடு கட்டறா, அவுளுக்கும் இதே தப்பைப் பண்ணிக் குடுத்துருங்க.”

ரூட்டு

அவிநாசியிலிருந்து ஒரு மகன், மருமகள், கூடவே அப்பா. அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சர்க்கரையால் பார்வை போய்விட்டது. மகனும் மருமகளும் டைல்ஸ் பார்க்க, அவரை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். “அப்பா கிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்களேன்” என்றேன். “அவருக்கு எது போட்டாலும் ஒண்ணுதானுங்க” என்றார் மகன். கெட்ட மகன் இல்லை, அசதியில் சொன்னது. ஆனால் பெரியவர் முகம் தொங்கிப்போனது. பழைய வீட்டில் சுவரைத் தொட்டுத் தொட்டுத் தனியாக நடப்பாராம். புது வீட்டு ஹாலில் பிடித்து நடக்க ஒன்றும் கிடையாது. இனி ஒருத்தர் கையைப் பிடிக்காமல் எழுந்திருக்கவே முடியாது என்று அவருக்கே தெரிந்திருந்தது.

“செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்கய்யா” என்று கையைப் பிடித்து மாதிரி டைல்ஸ்கள் மேல் நடக்க வைத்தேன். ஒன்றில் நின்றார். “இது பைபாஸு.” அடுத்ததில் காலை அழுத்தினார். “இது மழை பேஞ்ச கிராமத்து ரோடுங்க.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஹால் முழுக்க வழவழப்பு; அவர் அறைக்கதவிலிருந்து வாசல் வரை மட்டும் ஒரு பட்டை சொரசொரப்பு. ஹாலின் அழகு கெட்டுவிடும் என்று மருமகள் தயங்கினார். அதே நிறத்திலேயே சொரசொரப்பும் இருப்பதை எடுத்துக் காட்டினேன். கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும். சோபா, டீப்பாய் எதுவும் அந்தப் பட்டை மேல் வரக்கூடாது என்று சாக்பீஸால் கோடு போட்டே கொடுத்தேன்.

கிரகப்பிரவேசத்தன்று நான் வாசலில் நின்று மகனிடம் பேசிக்கொண்டிருந்தேன். டைல்ஸ் பதித்ததிலிருந்து அப்பா அடிக்கடி இங்கே வந்து போவதாக அவர் சொன்னார். என் குரல் உள்ளே கேட்டிருக்கிறது. அறைக்கதவு திறந்தது. மகன் கையைப் பிடிக்க ஓடினார், பெரியவர் தட்டிவிட்டார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. வெறுங்காலால் தரையைத் தேடித் தேடி வாசல் வரை தனியாக வந்து, எனக்கு நேராகக் கும்பிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: “வாங்க அம்மணி, ரூட்டு நல்லாப் பழகிப்போச்சு, இனி இந்த ஊட்டுல எனக்குக் கண்டக்டரே வேண்டியதில்லீங்க!”

இத்தனை ஹால்களில் நான் சொன்னதுதான் சட்டம் என்றாலும், எங்கள் வீட்டு ஹாலில் ஜன்னல் திரைக்கு நான் ஒரு நிறம் சொன்னால் மட்டும், “உனக்கென்ன தெரியும்?” என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்துவிடுகிறார்.